தோட்டத்தில் குழந்தையை இறக்கிவிடும் முன்

குழந்தை மண்ணை அளைந்தும் பூவைத் தொட்டும்தான் வளர வேண்டும். ஆகவே அதைத் தடுப்பதைவிட, அது இறங்கும் இடத்தை முன்கூட்டியே சீர்செய்வதுதான் பெரியவர்களின் கடமை. முதலில் தரையில் உட்கார்ந்து, தவழும் குழந்தையின் கண்மட்டத்திலிருந்து தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். நின்று பார்க்கையில் தெரியாத ஆணி, உதிர்ந்த காய், செடி மறைவில் கிடக்கும் வாளி எல்லாம் அப்போது கண்ணில் படும்.

எல்லாவற்றிலும் தண்ணீரைப் பற்றியே அதிகம் அஞ்ச வேண்டும். தலைகுப்புற விழுந்த சிறு குழந்தையால் தானாக எழ முடியாது என்பதால், சில அங்குல நீர்கூட உயிரைப் பறித்துவிடும். அலறல் கேட்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். தாமரைத் தொட்டியின் மேல் உறுதியான கம்பி வலை பொருத்துங்கள். கிணற்றுக்கும் நிலத்தடித் தொட்டிக்கும் பூட்டக்கூடிய மூடி வேண்டும். ஏறி நிற்க வசதியான கல்லோ தொட்டியோ அவற்றின் அருகில் இருக்கக் கூடாது.

அடுத்தது செடிகள். பூசைக்கென்று பல வீடுகளில் வளர்க்கப்படும் அரளியிலும் பொன்னரளியிலும் எல்லாப் பாகங்களும் நஞ்சு. அந்த நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதிலும் பொன்னரளியின் பச்சைக் காய்கள் உருட்டி விளையாடத் தோதாகத் தரையில் கிடப்பதால், சிறு குழந்தை உள்ள வீட்டில் அந்த மரத்தை அகற்றிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வேலியில் படரும் குன்றிமணியின் விதை முழுதாக விழுங்கப்பட்டால் கடினமான தோல் காரணமாகப் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்றாலும், கடித்து உடைத்தாலோ துளையிட்டிருந்தாலோ பேராபத்து; ஆமணக்கு விதையும் அப்படித்தான். ஊமத்தையையும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால், ஓடும் சுத்தமான நீரில் 15 நிமிடமாவது கழுவிய பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நச்சு விதையைக் குழந்தை தின்றுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், வாயில் எஞ்சியதைத் துடைத்து எடுத்துவிட்டு, அந்தக் காயையும் இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறிகுறிகள் தெரியச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்க வேண்டாம்.

பூச்சிமருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே கைவிடுங்கள். அது எப்போதும் அதன் சொந்தப் புட்டியிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அரிவாள், மண்வெட்டி ஆகியவற்றுக்கும் அதுவே இடம்.

பாம்புகள் எலியையும் மறைவையும் தேடி வருபவை. ஆகவே விறகு, செங்கல், தென்னை மட்டை ஆகியவற்றைக் குழந்தை விளையாடும் இடத்திலிருந்து தள்ளி அடுக்குங்கள்; இருட்டிய பின் விளக்கில்லாமல் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள். கட்டுவிரியன் கடித்த தடம் சில வேளைகளில் தெரியவே தெரியாது. வலியும் பெரிதாக இராது. கடி என்று ஐயம் வந்தாலே கயிறு கட்டாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், குழந்தையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.