வண்டடித்துப் பட்ட தென்னையைத் தறிக்கும்போது விடும் பிழைகள்

வண்டடித்து ஒரு தென்னை பட்டுப்போனால் போனது ஒரு மரம்தான். அதை அப்புறப்படுத்துவதில் பிழை விட்டால் பக்கத்தில் நிற்கும் மரங்களும் போகும், அடுத்த வளவுக்காரரின் மரங்களும் சேர்ந்து போகும். யாழ் குடாநாட்டில் சாவகச்சேரி, கொடிகாமம், பளைப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை, ஆனாலும் வட்டு, அதாவது ஓலைகள் கூடிய தலைப்பகுதி, சரிந்த மரத்தை மாதக்கணக்கில் அப்படியே நிற்க விடுகிறார்கள்.

மரம் செத்தாலும் உள்ளே இருப்பது சாகவில்லை. தண்டைக் குடைந்து மரத்தைக் கொல்லும் சிவப்பு வண்டு ஒன்று 200க்கும் மேல் முட்டையிடும். புழு தண்டுக்குள்ளேயே தின்று வளர்ந்து, நாரால் கூடு கட்டி, மூன்று நான்கு மாதத்தில் வண்டாகி வெளியே வரும். வட்டுச் சரிகிற நேரத்தில் முட்டை, புழு, கூடு, வண்டு எல்லாமே ஒரே மரத்துக்குள் இருக்கும். தண்டில் ஓட்டை, அதிலிருந்து கசியும் செம்பழுப்புச் சாறு, மென்று துப்பியதுபோல் சக்கை, கூடவே குருத்தும் வாடிவிட்டது என்றால் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், தறிக்க ஆள் பிடியுங்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. வெளியிலிருந்து வந்து பரவிய வெண் ஈயால் ஓலை கறுத்துப்போன மரத்தைப் பார்த்து, இதுவும் முடிந்தது என்று தறித்துவிடுகிறார்கள். அது வேண்டாம். அந்தக் கறுப்பு, ஈ விடும் இனிப்பான கழிவின் மேல் படர்கிற பூஞ்சணம். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிப் பராமரித்தால் மரம் பெரும்பாலும் தேறும்.

சரி, மரத்தை விழுத்தியாயிற்று. இனித்தான் பெரிய பிழை, எனக்கு உண்மையிலேயே கோபம் வருவதும் இதில்தான்: குற்றியைப் பிளக்காமல் விடுவது. வேலியோரம் உருட்டி விடுகிறார்கள், கிணற்றடியில் இருக்கப் போடுகிறார்கள், பாத்திக்கு வரம்பாக வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் சிவப்பு வண்டு வெளியேறி முடிய, குற்றி உக்கத் தொடங்கும்போது கருவண்டு, அதாவது காண்டாமிருக வண்டு, வந்து அதில் முட்டையிடும். கருவண்டு குருத்தில் போடும் காயத்தின் வழியாகச் சிவப்பு வண்டு பெரும்பாலும் அடுத்த மரத்துக்குள் போகிறது, ஆக ஒரு குற்றியை விட்டுவைத்தால் இரண்டுக்கும் வேலை செய்து கொடுத்த மாதிரி. குற்றியைத் துண்டு போட்டு, நெடுக்காகப் பிளந்து வெயிலில் போடுங்கள். வெளியே விழும் புழுவைக் கோழியும் காகமும் பார்த்துக்கொள்ளும், கூடுகளை மட்டும் பொறுக்கி நசுக்க வேண்டும். வட்டுப் பகுதியைக் கட்டாயம் பிளக்க வேண்டும், புழு கூடுதலாக இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

பச்சைக் குற்றியின் மேல் ஓலையைப் போட்டுக் கொளுத்தினால் வெளிப்பக்கம் கரியாகும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், புழுவும் இருக்கும். பிளந்து காய்ந்த பிறகு எரிப்பதுதான் எரிப்பு. புதைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் மேலோட்டமாகப் புதைத்தால் வண்டு மண்ணைக் கிளறிக்கொண்டு வந்துவிடும், வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே கல் தட்டுகிறது, ஆழமாக எங்கே தோண்டுவது?

அடிக்கட்டையையும் மறக்கக் கூடாது. தோண்டி எடுங்கள், முடியாவிட்டால் கொத்திச் சிதைத்து விடுங்கள். பழைய என்ஜின் ஒயிலையோ மண்ணெண்ணெயையோ கண்ட மருந்தையோ அதில் ஊற்றாதீர்கள். நம் கிணறுகளுக்குத் தண்ணீர் வருவது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாக, ஊற்றியது நேரே குடிக்கிற தண்ணீருக்குப் போகும்.

பிளக்காத குற்றியை விறகுக்கென்று லான்ட்மாஸ்டரில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்புவது அந்த ஊருக்கு வண்டு அனுப்புவதுதான். கருவண்டு 1909இல் இலங்கையிலிருந்து போன இறப்பர் கன்றுகளோடு சமோவாவுக்குப் போய் அங்கே தென்னைகளை அழித்தது. நமது பக்கத்து சிவப்பு வண்டு 1980களின் நடுப்பகுதியில் அரபு நாடுகளுக்குள் நுழைந்து பேரீச்சை மரங்களைத் தின்றது. கடலையே தாண்டிப் போனதுக்கு குடாநாட்டின் வாசலான ஆனையிறவு என்ன தூரம்?

உக்கிய தும்பையும் சக்கையையும் மாட்டெருக் கும்பியில் கொட்டுவதும் பிழை, கருவண்டுப் புழுவுக்கு எருக் கும்பி மிகவும் பிடித்த இடம். கொட்டியிருந்தால் அடிக்கடி கிளறி, வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி எடுங்கள். பட்டது பனை என்றால் தறிக்க முன் கிராம சேவகரிடம் கேளுங்கள், பெண் பனையை அனுமதியில்லாமல் தறிக்கச் சட்டம் விடாது.

தறிக்கும்போது பக்கத்து மரத்தில் கோடாலியோ விழுகிற மரமோ பட்டுக் காயம் வரக்கூடாது, பச்சைக் காயத்தின் மணத்துக்குத்தான் சிவப்பு வண்டு வருகிறது. பட்டுவிட்டால் அன்றைக்கே தார் பூசுங்கள். பச்சை மட்டை வெட்டவேண்டி வந்தால் தண்டோடு ஒட்ட வெட்டாமல் நாலு அடி விட்டு வெட்டுங்கள்.

அப்புறம், அதே இடத்தில் உடனே தென்னம்பிள்ளை வைக்கிற அவசரம். பழைய அடிக்கட்டை உக்கிக்கொண்டு இருக்கும்போது வைத்தால் கருவண்டு முதலில் தேடிப் போவது அந்தப் பிள்ளையின் குருத்தைத்தான். கட்டையை எடுத்து முடித்த பிறகு வையுங்கள், பிள்ளை மட்டை விரிக்கத் தொடங்கியதும் குருத்தடி இடுக்குகளில் நப்தலின் உருண்டை வைத்து மேலே மணல் போட்டுவிடுங்கள்.