முன்பல் கறைக்கு முதல் சிகிச்சை கேப் அல்ல

ஆவணியும் தையும் நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பல் மருத்துவமனைகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். கல்யாணத் தேதி குறித்தாயிற்று. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ முன்பல்லில் பழுப்புக் கறை. "சார், பல்லைத் தேய்ச்சு கேப் போட்டுட்டா ஒரே வாரத்துல முடிஞ்சிடுமாமே?" என்று கூட வந்த அம்மா கேட்பார். ஒரு வாரத்தில் முடியும்தான். ஆனால் அப்படித் தேய்த்த பல் முப்பது வயதுக்குள் வேர் சிகிச்சைக்கு வந்து நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

புதிதாகக் கிளினிக் திறக்கும் இளம் மருத்துவர்களில் சிலரும் இதே வழியில் போகிறார்கள். முந்தைய தலைமுறையில் எங்கள் தொழிலில் இருந்தவர்கள் செய்ததும் இதுதான். அப்போது கையில் வேறு வழி குறைவு. இன்று அந்தக் காரணம் செல்லாது.

இரண்டு வேளை துலக்குங்கள், சாக்லேட் குறையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை இங்கே எழுதப்போவதில்லை. பல் விஷயத்தில் இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

எந்தக் கறை என்று பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்குவது

இந்த இரண்டு மாவட்டங்களிலும் முன்பல் கறைக்கு முக்கியக் காரணம் ஃபுளோரைடு. பாறையைத் துளைத்து எடுக்கும் போர் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போன தண்ணீரைக் குழந்தை தொடர்ந்து குடித்தால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல், அதாவது பல்லை மூடியிருக்கும் கெட்டியான மேலடுக்கு, சரியாக இறுகுவதில்லை. வெளித்தோல் கெட்டியாக இருக்கும், அதற்கு அடியில் நுண்துளைகளாகக் கிடக்கும்.

அதனால்தான் இந்தப் பல் முளைக்கும்போது பழுப்பாக இருப்பதில்லை. சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைத் திட்டாக வரும். டீயும் குழம்பும் அந்தத் துளைகளில் இறங்கி, சில வருடங்களில் பழுப்பாகும். கறை எனாமலுக்குள் இருப்பதால் எத்தனை முறை கிளீனிங் செய்தாலும் போகாது. மூன்று முறை கிளீனிங் செய்துவிட்டு "டாக்டர் சரியில்லை" என்று கிளினிக் மாறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது கிளீனிங்கே அல்ல.

அடையாளம் எளிது. ஃபுளோரைடு கறை இடமும் வலமும் ஜோடியாக வரும். இடது முன்பல்லில் இருந்தால் வலதிலும் இருக்கும். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால் சிறு வயதில் விழுந்து அடிபட்டு நரம்பு செத்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஈறை ஒட்டியும் கீழ்ப்பற்களின் உட்புறத்திலும் படிந்திருப்பது காரையும் (கல்லாக இறுகிய அழுக்கு) வெற்றிலை, புகையிலைக் கறையும். அது கிளீனிங்கில் போகும்.

நல்ல பல்லைத் தேய்த்து கேப் போடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கேப் என்பது பல்லுக்கு மாட்டும் தொப்பி. தொப்பிக்கு இடம் வேண்டுமென்றால் பல்லைச் சுற்றிலும் 1 முதல் 1.5 மி.மீ. வரை, நுனியில் 2 மி.மீ. வரை தேய்க்க வேண்டும். முன்பல்லின் முன்பக்க எனாமல் தடிமனே ஏறக்குறைய 1 மி.மீ.தான், ஈறருகே அதைவிடக் குறைவு. ஆக, கேப்புக்குத் தேய்த்தால் எனாமல் முழுவதும் போய்விடும். ஈறுக்கு மேல் தெரியும் பல்லில் பாதிக்கும் மேல் குப்பைக்குப் போகிறது. கீழ் முன்பல்லின் அகலமே 5 மி.மீ. அளவுதான், இருபுறமும் தேய்த்த பிறகு மிஞ்சுவது ஒரு குச்சி.

இருபது, இருபத்திரண்டு வயதில் பல்லுக்குள் நரம்பு அறை பெரிதாக இருக்கும். வயதாக ஆகத்தான் அது சுருங்கும். அந்த வயதில் தேய்க்கும்போது நரம்புக்கு மிக அருகே போகிறோம். டிரில்லில் தண்ணீர் சரியாக அடிக்காவிட்டால் சூட்டிலேயே நரம்பு வெந்துவிடும். உடனே வலிக்காது. ஒன்றிரண்டு வருடம் கழித்து ஈறில் சீழ்க்கட்டி வரும். அப்போது கேப்பைத் துளைத்தோ உடைத்தோ வேர் சிகிச்சை செய்துவிட்டு மறுபடியும் கேப் போட வேண்டும்.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் ஒரே மாதிரியான வரலாறு கேட்கலாம். கல்யாணத்துக்கு முன்பு மேல்வரிசையில் ஆறு பல்லுக்கும் சேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிய மெட்டல் செராமிக் கேப் (உள்ளே உலோகம், மேலே பீங்கான்). முதல் வருடம் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு துலக்கினால் ரத்தம். ஆறும் ஒரே துண்டாக இருப்பதால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் நுழையாது, உணவு தங்கி வாடை அடிக்கும். ஈறு கொஞ்சம் இறங்கியதும் கேப்பின் விளிம்பில் கறுப்புக் கோடு தெரியும். வாயை மூடிச் சிரிக்கும் பழக்கம் மறுபடியும் வந்துவிடும். எந்தச் சங்கடத்தைப் போக்கக் கேப் போட்டார்களோ அதே சங்கடம், இப்போது உள்ளே பல்லும் இல்லாமல்.

நன்றாகப் போட்ட கேப்பே பொதுவாகப் பத்து, பதினைந்து வருடம் வரும். இருபத்திரண்டு வயதில் போட்டால் வாழ்நாளில் மூன்று, நான்கு முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பல் இன்னும் குறையும். இந்தக் கணக்கைப் பல்லைத் தேய்ப்பதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தேய்ப்பது எங்களைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத தவறு.

சரி, வேறு என்ன செய்வது? படிப்படியாக, குறைவாகத் தேய்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் படி மைக்ரோஅப்ரேஷன். எனாமலின் மேல்தோலை மட்டும் மிக மெல்லியதாக உரித்தெடுப்பது. ஈறைப் பாதுகாக்க ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டி, அடியில் வாசலின் தடவி, 18 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை பியூமிஸ் என்ற எரிமலைக்கல் தூளோடு குழைத்து 5 விநாடி தேய்த்து, கழுவி, ஈரத்தோடு நிறத்தைப் பார்க்க வேண்டும். பத்து முறைக்கு மேல் போகக்கூடாது. தயாராக வரும் 6.6 சதவீதக் கலவையும் உண்டு. கணக்காகச் செய்தால் போகும் எனாமல் 0.1 மி.மீ. அளவுதான். முடிந்ததும் ஃபுளோரைடு ஜெல் தடவ வேண்டும். அமிலத்தின் பெயரைப் படித்துவிட்டு பாத்ரூம் கழுவும் திரவத்தை யாரும் வாய்க்குக் கொண்டுபோக வேண்டாம். ஈறும் உதடும் வெந்துவிடும்.

பழுப்புக் கறை லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் பலருக்கு இந்த ஒரு படியே போதும். உலர்ந்த பல்லில் வெள்ளைத் திட்டு தூக்கலாகத் தெரியும். அதைப் பார்த்து மேலும் மேலும் தேய்ப்பது புதியவர்கள் செய்யும் பிழை. பல்லை நனைத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது பிளீச்சிங். வாய்க்கு அளவெடுத்த மெல்லிய டிரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு, இரவில் போட்டுக்கொண்டு தூங்குவது. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு முதல் நான்கு வாரம், ஃபுளோரைடு கறைக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். முதல் சில நாள் வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும், பயந்து நிறுத்த வேண்டாம். சுற்றியுள்ள பல் வெளுக்க வெளுக்க வித்தியாசம் குறையும். பல் கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம், பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும்.

வெள்ளைத் திட்டே பிரச்சினை என்றால் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன். 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 2 நிமிடம் வைத்துத் துளைகளின் வாயைத் திறந்து, கழுவி, எத்தனாலால் உலர்த்தி, நீர்போன்ற ரெசினை (ஒளி பட்டால் இறுகும் பிசின்) 3 நிமிடம் ஊறவிட்டு, ஒளி காட்டி இறுக்குவார்கள். எத்தனால் போட்டதும் திட்டு மங்கினால் பலன் கிடைக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். மங்காவிட்டால் அமிலப் படியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எனாமல் குழிகுழியாக உதிர்ந்திருந்தால் காம்போசிட் வெனீர். பல்லின் முன்பக்கம் மட்டும் பல் நிறப் பூச்சு. ஐந்தாறு வருடத்தில் மெருகு போகும், ஓரம் உடையும், ஆனால் உடைந்த இடத்தை மட்டும் பழுது பார்க்கலாம். பிளீச்சிங் செய்திருந்தால் இரண்டு வாரம் பொறுத்துத்தான் இதை ஒட்ட வேண்டும். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ஒட்டும் பசையை இறுகவிடாது. செராமிக் வெனீருக்கு முன்பக்கம் சுமார் 0.5 மி.மீ. தேய்த்தால் போதும், பத்து வருடத்துக்கு மேலும் வரும். தூக்கத்தில் பல் கடிக்கிறவர்களுக்கு வெனீர் உடையும்.

இவற்றில் எதுவும் நிற்காத அளவுக்குப் பல் உதிர்ந்திருந்தாலோ வேர் சிகிச்சை செய்து பெரிதாக உடைந்திருந்தாலோ கேப் சரி. அப்போதும் ஒவ்வொன்றும் தனித்தனிக் கேப்பாக இருக்க வேண்டும்.

மைக்ரோஅப்ரேஷனோ பிளீச்சிங்கோ செய்த முதல் இரண்டு நாள் பல் நிறத்தை உறிஞ்சும். மஞ்சள் போட்ட சாம்பார், கறிக்குழம்பு, டீ, காபி, பீட்ரூட், வெற்றிலை எதுவும் கூடாது. இட்லியும் தேங்காய்ச் சட்னியும், தயிர்சாதம், பால் என்று ஓட்டுங்கள். களி சாப்பிடுவதானால் மோரில் கரைத்துக் குடியுங்கள், குழம்பு மூன்றாம் நாள்.

எலுமிச்சை, கரித்தூள், செங்கல் பொடி

இவற்றால் துலக்கினால் எனாமல் தேய்ந்து, உள்ளிருக்கும் மஞ்சள் அடுக்கு வெளியே தெரியும். வேண்டாம்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று தள்ளிப்போடுவது

ஆடும் பல்லைக் காரை சிமென்ட் மாதிரி பிடித்து வைத்திருந்தது. எலும்பைக் கரைத்ததும் அதே காரைதான். எடுத்தால் ஆட்டம் தெரியும். எடுக்காவிட்டால் பல்லே விழும்.

அரை மணி நேரத்தில் ஃபிக்ஸிங் பல்

சந்தை நாளிலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும், படிப்பில்லாதவர்கள் கட்டும் பல் இது. இழந்த பல்லின் இடத்தில் பிளாஸ்டிக் மாவைக் குழைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து அப்படியே வாயில் இறுக்கிவிடுவார்கள். இறுகும்போது வரும் சூடும், மிஞ்சும் ரசாயனமும் ஈறைப் புண்ணாக்கும். கழற்றவும் முடியாது, அடியில் துலக்கவும் முடியாது. ஒரு பல்லுக்காகக் கட்டியது, இருபுறமும் இருந்த நல்ல பல்லையும் ஆட்டிவிடும். பணம் குறைவாக இருந்தால் முறையாக அளவெடுத்துச் செய்த, கழற்றி மாட்டும் பல் போதும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

பதினெட்டு வயதுக்கு முன், கர்ப்ப காலத்தில், பால் கொடுக்கும்போது பிளீச்சிங்

கூடாது.

குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், களி கிண்டப் போர் தண்ணீர்

2013இல் தொடங்கிய ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகவே இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது. ஆனால் பல வீடுகளில் அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்க மட்டும் வைக்கிறார்கள். சோறும் களியும் பருப்பும் போர் தண்ணீரில் வேகின்றன. களி உறிஞ்சிய தண்ணீரெல்லாம் குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகிறது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கூடும். துணியில் வடிகட்டுவதாலும் பயனில்லை. ஆர்.ஓ. வடிகட்டி குறைக்கும்.

முன்பல்லுக்கு மிக ஆபத்தான காலம் ஒன்றேகால் வயது முதல் இரண்டரை வயது வரை. எட்டு வயதுவரை மற்ற பற்களும் உருவாகிக்கொண்டிருக்கும். அதுவரைக்குமாவது குழந்தையின் சமையலுக்கும் நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள். மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் உங்கள் போர் தண்ணீரைக் கொடுத்து அளவு தெரிந்துகொள்ளலாம். பேஸ்ட் மூன்று வயதுவரை அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு, விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று தெரிந்தால், சின்னக் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெரியவர்கள் தண்ணீரை மாற்றினால் பழைய கறை போகாது. எலும்புக்கு நல்லது, அதற்காக மாற்றுங்கள்.

கடைசி மாதத்தில் வருவது

கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பு வாருங்கள். முதல் மாதம் எக்ஸ்ரே, சொத்தை அடைத்தல், கிளீனிங். இரண்டாம் மாதம் மைக்ரோஅப்ரேஷன். மூன்றும் நான்கும் பிளீச்சிங். இரண்டு வாரம் இடைவெளி. ஐந்தாம் மாதம், இன்னும் தேவை என்றால் மட்டும், காம்போசிட் அல்லது வெனீர். கடைசி மாதம் சும்மா விடுங்கள், ஓரம் ஏதாவது உரசினால் சரிசெய்ய நாள் இருக்கும்.

இருபது நாள்தான் இருக்கிறது என்றால் கிளீனிங்கும் மைக்ரோஅப்ரேஷனும் மட்டும் செய்துகொள்ளுங்கள். மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம்.