நாடக விழாவுக்கு அரங்கம் ஒரு நாள் போதாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகளிலும் ஊர்க் குழுக்களிலும் நாடகத்தை வளர்க்க வேண்டும் என்று ஒரு வட்டாரம் முழுக்க வேலை செய்யக் கிளம்புபவர்கள், முன்பு அதே வேலையில் இறங்கியவர்களின் தவறுகளை அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்கிறார்கள். வசனம் மறந்தது, ஒப்பனைக்காரர் தாமதமாக வந்தார், மைக் இரைந்தது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும், அடுத்த முறை தானாகத் திருந்தும். அவற்றை இங்கே எடுக்கவில்லை. பணத்தையும் ஆட்களின் உற்சாகத்தையும் தின்றுவிட்டு, தவறு என்றே அடையாளம் தெரியாமல் தப்பிக்கிறவை மட்டும்தான் கீழே.

பயிலரங்கை ஒரே நாளில் முடிப்பது

வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் வருகிறார். 20 ஆசிரியர்கள், 6 மணி நேரம், மேசை நாற்காலி இல்லாத பெரிய கூடம். விளையாட்டு, சிரிப்பு, கடைசியில் குழுப்படம். மறு வாரம் அதே ஆசிரியரிடம் இருப்பது 40 மாணவர்களும் 40 நிமிடமும், இழுத்தால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும் மேசைகளும்தான். கூடத்தில் கற்ற எதையும் அந்த அறைக்குள் செய்ய முடியாது. இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிடுவார்.

அதே செலவை மூன்று அரை நாட்களாகப் பிரியுங்கள். இடையில் மூன்று மூன்று வாரம் விடுங்கள். முதல் சந்திப்பில் ஒரே ஒரு பயிற்சி போதும், ஆனால் அது நிமிடக் கணக்கோடு இருக்க வேண்டும்: மேசைகளை ஒதுக்க 5, உடலையும் குரலையும் தளர்த்த 5, ஐந்தைந்து பேராக எட்டுக் குழுக்கள் ஒரு காட்சியை உருவாக்க 18, குழுவுக்கு ஒரு நிமிடமாகக் காட்ட 8, மேசைகளைத் திரும்பப் போட 4. இரண்டாவது சந்திப்பில் எது நடக்கவில்லை என்று பேசுங்கள். பெரும்பாலும் மேசையை நகர்த்துவதுதான் சிக்கலாக இருக்கும். அது சின்ன விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். அங்கேதான் நாடக வகுப்பு நின்றுபோகிறது. மூன்றாவது சந்திப்பை ஓர் ஆசிரியரின் வகுப்பறையிலேயே, மாணவர்களோடு நடத்துங்கள்.

இரண்டு நாயகர்கள், இருபத்தெட்டு மரங்கள்

இருவருக்கு மட்டும் வசனம், மற்ற எல்லாரும் மரமாக நிற்க வேண்டும் என்கிற நாடகமா? வேறு நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அரங்கத்தை விழா நாளுக்கு மட்டும் எடுப்பது

இத்தனை முறை பார்த்தும் இதைக் கண்டால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஆறு குழுக்கள் நான்கு மாதம் ஒத்திகை பார்த்திருக்கும். விழா அன்று காலை 9 மணிக்கு அரங்கம் திறக்கும். 11 மணிக்கு முதல் நாடகம். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் விளக்குக்காரர் ஏணியில் நிற்பார், ஒலிக்காரர் கம்பி இழுப்பார், யாரோ பதாகை கட்டுவார்கள். குழுக்கள் ஓரமாக நின்று மேடையை எட்டிப் பார்த்துவிட்டு உடை மாற்றப் போகும்.

பிறகு நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். 6 மீட்டர் அகலமுள்ள வகுப்பறையில் பழகியவர்கள் 10 மீட்டர் மேடைக்கு வருகிறார்கள். மூன்று அடியில் முடிந்த நடை ஐந்து அடியாகிறது, வசனம் முன்னால் ஓடிவிடுகிறது. இடப்பக்கம் வெளியேறிய நடிகை அடுத்த காட்சியில் வலப்பக்கம் நுழைய வேண்டும். பின்திரைக்குப் பின்னால் வழி இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. இப்படி மாட்டிக்கொண்ட ஒரு பெண் அரங்கத்தைவிட்டே வெளியே ஓடி, கட்டடத்தைச் சுற்றி, மறு கதவு வழியாக மூச்சு வாங்க வந்து நின்றாள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். அந்தக் காட்சி துக்கக் காட்சி.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், பார்வையாளர் இல்லாத நாளுக்கு வாடகை கொடுப்பது கணக்கு எழுதுபவருக்கு வீணாகத் தெரிகிறது. கோப்பைக்கும் பதாகைக்கும் சிறப்பு விருந்தினரின் பயணத்துக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள், நான்கு மாத உழைப்பு ஒழுங்காக மேடையேறத் தேவையான ஒரே செலவை முதலில் வெட்டுகிறார்கள்.

முந்தைய நாளையும் சேர்த்து எடுங்கள். அந்த நாள் எப்படிப் பிரியும் என்று பார்ப்போம். முதல் 4 மணி நேரம் விளக்குகளுக்கு. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பொது அமைப்பு: மேடையை முன்னால் மூன்று, பின்னால் மூன்று என ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்புறமிருந்து இரு பக்கமாக, ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் இரண்டு விளக்குகள். ஆக 12. இதோடு பின்னொளி, இரண்டு வண்ணங்கள், தனி இடத்துக்கான இரண்டு விளக்குகள். ஒருமுறை திருப்பி வைத்த பிறகு எந்தக் குழுவுக்காகவும் எந்த விளக்கையும் தொடக் கூடாது. ஒரு குழு கெஞ்சியதற்காக ஒரு விளக்கைத் திருப்பினால் மற்ற ஐந்து குழுக்களின் காட்சி கெட்டுப்போகும்.

மீதி 6 மணி நேரம் குழுவுக்கு ஒன்று. அந்த 60 நிமிடத்தில் நாடகத்தை முழுதாக நடித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். 10 நிமிடம் நின்று நடந்து இடங்களைப் பழக, 30 நிமிடம் இடைப்பட்ட வசனத்தை விட்டுவிட்டு, ஒளி ஒலி மாற்றங்களை மட்டும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் பார்க்க, 10 நிமிடம் நுழைவு வெளியேற்றங்களுக்கு, 10 நிமிடம் கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துக் குரல் எட்டுகிறதா என்று கேட்க. ஒரு மாற்றத்துக்கு 2 நிமிடம் வைத்தால் 30 நிமிடத்தில் 15 மாற்றங்கள் பார்க்கலாம். அரை மணி நாடகத்துக்கு 15-க்கு மேல் கேட்கும் குழுவிடம் முதலிலேயே குறைக்கச் சொல்லுங்கள்.

இந்த ஒரு மணி நேரம் பலன் தர, ஒரு மாதம் முன்பே வேலை தொடங்க வேண்டும். மேடையின் அகலம், ஆழம், உயரம், பக்கத்திரைக்குப் பின்னுள்ள இடம், பின்னால் கடக்க வழி உண்டா, படிக்கட்டு எங்கே என்று ஒரே தாளில் அளந்து எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள். குழு அந்த அளவை ஒத்திகைத் தரையில் ஒட்டுநாடாவால் குறிக்கட்டும். அறை சிறியது என்றால் திறந்த வெளியில் இரண்டு ஒத்திகையாவது முழு அளவில் பார்க்கட்டும். பதிலுக்கு அவர்களிடமிருந்து ஒளி ஒலிப் பட்டியலை வாங்குங்கள்: எண், எந்த வசனத்தில், என்ன மாறுகிறது, எத்தனை நொடியில். எண்களை 10, 20, 30 என்று போடச் சொன்னால் இடையில் ஒன்று சேரும்போது 15 என்று எழுதிவிடலாம். பட்டியலைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. விழா அன்று பிரதியைப் பின்தொடர்ந்து குரல் கொடுக்க ஒரே ஒரு மேடை மேலாளர். விளக்குக்காரரும் ஒலிக்காரரும் அவர் சொல்லுக்கு மட்டுமே கை வைப்பார்கள்.

மின்சாரத்தையும் முந்தைய நாளே கணக்கிடுங்கள். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் இணைப்பு 3,680 வாட் தாங்கும். 1,000 வாட் விளக்கு மூன்றுதான் போகும். ஒப்பனை அறையின் இஸ்திரிப் பெட்டி அதே இணைப்பில் இருந்தால் சட்டை தேய்க்கும்போது மேடை இருண்டுவிடும்.

கூடுதல் நாள் கிடைக்கவே கிடைக்காது என்றால் குழுக்களை மூன்றாகக் குறைத்து, நாடகங்களை மாலைக்குத் தள்ளுங்கள். அதுவும் முடியாதா? ஒளி மாற்றமே வேண்டாம். மேடை முழுக்க ஒரே வெளிச்சம், ஆரம்பம் முதல் கடைசி வரை. அரைகுறையாக மாறும் விளக்கைவிட அது எவ்வளவோ மேல்.

மதிப்பெண்ணை மட்டும் கொடுத்து அனுப்புவது

ஒவ்வொரு குழுவோடும் நடுவர் 15 நிமிடம் பேசட்டும். அன்றிரவு வேண்டாம், மறுநாள் காலை.

ஃபோரம் தியேட்டரில் தீர்வை நாமே சொல்லிவிடுவது

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய முறை. சமூக நாடகம் என்றாலே இப்போது இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். எடுத்துப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒடுக்கப்பட்டவர் தோற்பதோடு காட்சி முடிய வேண்டும். 10 முதல் 12 நிமிடம் போதும். பிறகு அதையே மறுபடி நடிப்பார்கள். பார்வையாளரில் எவரும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம்.

கெடுவது இரண்டு இடங்களில். கொடுமை செய்பவரின் பாத்திரத்தை ஒருவர் வாங்கி, அவரைத் திடீரென்று நல்லவராக்கிவிடுவார். எல்லாரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார்கள், எதையும் முயன்று பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, நடத்துநரான ஜோக்கர் ‘சரியான விடை’யைச் சொல்வது. அவர் வேலை, ‘இது நடக்குமா? அடுத்து எதிராளி என்ன செய்வார்?’ என்று கூட்டத்தையே கேட்பது. கடைசி ஐந்து நிமிடம் ஒரு நிபுணர் வந்து அறிவுரை வழங்கும் ஏற்பாடு இருந்தால், அந்த நிகழ்ச்சிக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நாடகம், உரிமை தேவையில்லை என்று நம்புவது

செக்காவ் 1904-இலும் இப்சன் 1906-இலும் இறந்தவர்கள். மூலத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் கையில் வைத்திருப்பது மூலம் அல்ல, மொழிபெயர்ப்பு. அதன் உரிமை மொழிபெயர்த்தவருடையது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி அந்த உரிமை, எழுதியவர் (இங்கே மொழிபெயர்த்தவர்) இறந்த பின் குறைந்தது 50 ஆண்டுகள், பல நாடுகளில் 70, இந்தியாவில் 60. பார்வையாளருக்கு நுழைவு இலவசம் என்பதால் உரிமை கேட்க வேண்டாம் என்றும், வகுப்பறைக்குள் சட்டம் தரும் சலுகை பொது மேடைக்கும் நீளும் என்றும் எண்ணிக்கொள்ளாதீர்கள். எழுத்தில் வாங்கும் அனுமதியில் எத்தனை காட்சிகள், எந்தத் தேதிகள், வசனத்தை வெட்டலாமா, பதிவு செய்து இணையத்தில் ஏற்றலாமா என்ற நான்கும் இருக்கட்டும். மறந்துபோவது நான்காவதுதான்.

விளக்குப் பெட்டியைத் தனியாக அனுப்புவது

குழுக்கள் மாறி மாறி எடுத்துப்போக ஒரு பொது விளக்குத் தொகுப்பு வாங்குவது நல்ல யோசனை. இயக்கத் தெரிந்த ஒருவரையும் கூடவே அனுப்புங்கள். முடியாவிட்டால் குழுவில் இருவருக்கு அரை நாள் பயிற்சி கொடுத்த பிறகே பெட்டியைத் தாருங்கள். எல்இடி விளக்குகளில் அடிக்கடி வரும் சிக்கல் முகவரி எண், அதாவது கட்டுப்பாட்டுப் பலகையின் கட்டளைகளை எந்த எண்ணிலிருந்து அந்த விளக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது: 7 தடங்கள் (தனித்தனிக் கட்டளை வழிகள்) உள்ள விளக்கு என்றால் முதலாவது 1, அடுத்தது 8, பிறகு 15, 22. யாராவது பொத்தானை அழுத்திவிட்டு 8-ஐ 3 ஆக்கினால் இரண்டாவது விளக்கு முதலாவதின் கட்டளைக்கு ஆடும். விளக்கு பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் அதன் எண்ணை நாடாவில் எழுதி ஒட்டுங்கள். கம்பிகளின் எண்ணிக்கையைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி, போகும்போதும் வரும்போதும் இருவர் கையெழுத்திட்டு எண்ணுங்கள்.