ஊருக்குப் போகும் கனடாப் பென்சன்காரருக்கு: 6 மாதக் கணக்கும் 20 வருடக் கணக்கும்

கனடாவில் ஓஏஎஸ் என்னும் முதியோர் பென்சன் எடுப்பவர்கள் ஊருக்கு ரிக்கெற் போடுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 18 வயதுக்குப் பிறகு கனடாவில் வசித்த காலம் 20 வருடத்தை எட்டியிருந்தால் அந்தப் பென்சன் எந்த நாட்டுக்கும் கூட வரும். எட்டாவிட்டால், புறப்பட்ட மாதமும் அதற்கடுத்த 6 மாதங்களும்தான், பிறகு நின்றுவிடும்.

வருமானம் குறைந்தவர்களுக்கு அந்தப் பென்சனோடு சேர்த்துக் கிடைக்கும் உதவித்தொகையான ஜிஐஎஸ் இன்னும் கறார். 40 வருடம் இருந்தவருக்கும் அதே 6 மாதம்தான். தைப்பொங்கலுக்கு ஜனவரியில் போய், நல்லூர்த் திருவிழாவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்: ஜனவரியும் அதன்பின் ஆறு மாதமும் ஜூலையோடு முடிகிறது. தீர்த்தம் வரும்போது ஓகஸ்ட் காசு வந்திருக்காது. ஒக்ரோபர் 31இல் விமானம் ஏறினால் ஏப்ரல் வரை, நவம்பர் 1இல் ஏறினால் மே வரை. ஒரு நாளில் ஒரு மாதக் காசு!

6 மாதத்துக்கு மேல் தங்குவதென்றால், பென்சனைக் கவனிக்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்பியதும் மறுபடி சொல்லுங்கள். சொல்லாமல் இருந்தால் தெரியாது என்ற காலம் போய்விட்டது. நீங்கள் நாட்டை விட்டு வெளியேறிய பதிவும் இப்போது எல்லைச் சேவை முகவரகத்திடம் இருக்கிறது. கூடுதலாக வந்த காசு கடனாக நின்று, பின்னால் வரும் பென்சனில் கழிக்கப்படும்.

இன்னொரு பொறி வருமான வரி. ஜிஐஎஸ் ஒவ்வொரு ஜூலையிலும் முந்திய வருட வரிப் பத்திரத்தைப் பார்த்தே புதுப்பிக்கப்படுகிறது. ஏப்ரல் 30இல் நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து, பத்திரம் போகாவிட்டால் ஜூலையில் காசு நிற்கக்கூடும். போகுமுன்பே பிள்ளைகளில் ஒருவரை வரித் திணைக்களத்தில் பிரதிநிதியாகப் பதிந்துவிடுங்கள்.

65 வயதாகப் போகிறவர்களுக்கு: 64 முடிந்த அடுத்த மாதம் கடிதம் வரும். தானாகப் பதியப்பட்டதாகச் சொன்னால் விபரங்களைச் சரிபார்த்தால் போதும்; இல்லையென்றால் விண்ணப்பிக்க வேண்டும். 65க்குப் பிறகு பிந்தி விண்ணப்பித்தால் 11 மாத நிலுவைதான் கிடைக்கும், அதற்கு முந்தியது போனதுதான். வேண்டுமென்றே தள்ளிப்போட்டால் மாதத்துக்கு 0.6 வீதம் கூடும், 70 வயது வரை. கனடாவில் இருந்தபடி வாங்க 10 வருட வதிவிடம் வேண்டும். முழுத்தொகைக்கு 40 வருடம். 18 வருடம் இருந்தவருக்கு நாற்பதில் பதினெட்டுப் பங்கு. அவர் நிரந்தரமாக ஊரோடு போக நினைத்தால், இன்னும் 2 வருடம் பொறுத்துப் போவதே புத்தி.

இலங்கையோடு கனடாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. இந்தியாவோடு 2015 ஓகஸ்ட் முதல் இருக்கிறது. ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே நாடுகளோடும் உண்டு. அங்கே சில வருடம் வேலை செய்துவிட்டுக் கனடா வந்தவர்கள், அந்தக் காலம் 10 அல்லது 20 வருடத் தகுதிக்குச் சேர்க்கப்படக்கூடும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். தொகை மட்டும் கனடா வருடங்களுக்கே.

விண்ணப்பம் இழுபடுவது பெரும்பாலும் பெயராலும் திகதியாலும். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால், கனடாவில் குடியேறியபோது தந்த லாண்டிங் பேப்பரில் பின்னால் என்றிருந்தால் இரண்டின் பிரதியையும் விளக்கக் கடிதத்தோடு அனுப்புங்கள். பழைய கடவுச்சீட்டுகளை எறியாதீர்கள். போக்குவரத்துத் திகதிகளைக் கேட்கும்போது அந்த முத்திரைகள்தான் கைகொடுக்கும்.

சிபிபி என்னும் கனடா பென்சன் திட்டம் வேறு கதை. அது வேலை செய்தபோது நீங்கள் கட்டிய காசு. எங்கே இருந்தாலும் வரும். கனடாவில் வரி வதிவிடத்தையே விட்டுப் போனால் இரண்டு பென்சனிலும் 25 வீத வரி பிடிப்பார்கள். வரி ஒப்பந்தம் இருந்தால் குறையலாம். ஒன்ராறியோ ஹெல்த் காட்டுக்கும் வேறு கணக்கு: எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். பென்சனுக்குச் சரியான பயணம் அதற்குப் பிழையாகலாம், இரண்டையும் பார்த்தே திரும்பும் திகதியைப் போடுங்கள்.