நாய்களின் தசைச் சிதைவு நோய்: சிகிச்சை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆய்வுக்குப் புதிதாக வரும் கால்நடை மருத்துவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். குறிப்பேட்டில் தேதி விடுவது, எடை பார்க்காமல் மருந்தளவு போடுவது எல்லாம் தானாகவே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

நன்றாக ஓடும் ஒரு நாயை நம்புவது

கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் தசைச் சிதைவு நோய்க்கு ஒரே ஒரு மரபணு மாற்றம்தான் காரணம். டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் 6-ஆவது இன்ட்ரானில், அதாவது புரதத்துக்குக் குறியீடு தராத இடைப்பகுதியில், நேர்ந்த அந்த மாற்றத்தால் 7-ஆவது எக்ஸான் என்ற குறியீட்டுப் பகுதி விடுபட்டு, தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் புரதம் உருவாகாமல் போகிறது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குட்டிகளுக்கே நோய் வருகிறது. சிறுவர்களைத் தாக்கும் டுஷேன் நோயும் இதே மரபணுவின் கோளாறுதான்.

மாற்றம் ஒன்றே என்றாலும் நோய் எல்லா நாய்க்கும் ஒன்றுபோல் வருவதில்லை. ஒரே ஈற்றில் ஒரு குட்டி பிறந்த சில நாளிலேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். இன்னொன்று வளர்ந்து, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தத்தித் தத்தி நடக்கும். பிரேசிலின் சாவோ பாலோவில் வளர்ந்த ரிங்கோ என்ற ரெட்ரீவருக்கும் டிஸ்ட்ரோஃபின் கிடையாது. எந்த மருந்தும் இல்லாமலே அது நடந்து, ஓடி, குட்டிகளுக்குத் தகப்பனாகி, 11 வயது வரை இருந்தது. ஜாக்டு1 என்ற இன்னொரு மரபணு அதன் உடலில் கூடுதலாக வேலை செய்ததை 2015-இல் கண்டுபிடித்தார்கள். ரிங்கோவுக்கு யாராவது ஒரு ஊசி போட்டிருந்தால், அந்த ஊசிக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும்!

அப்புறம் வயது. 3 மாதத்திலிருந்து 6 மாதம் வரை நோய் வேகமாக முற்றும். அதற்குப் பிறகு பல நாய்களில் வேகம் குறையும். ஒரு இளைஞர் ஏழாவது மாதத்தில் மருந்தைத் தொடங்கி, "நோய் நின்றுவிட்டது" என்று வீடியோவோடு வந்தார். நாய் படியேறுகிறது, வாலாட்டுகிறது. மருந்து போடாத சகோதரக் குட்டி எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்றை அவர் வைத்திருக்கவே இல்லை. அந்த நாயின் தொடையில் பயாப்ஸிக்காக நாலு இடத்தில் வெட்டித் தைத்த தழும்பு இருந்தது. எந்தக் கேள்விக்கும் பதில் தராத தழும்புகள். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஒரே ஈற்றில் மருந்து போட்ட குட்டியும் போடாத குட்டியும் வேண்டும். 3 மாதத்துக்கு முன்பே அளக்கத் தொடங்க வேண்டும். அளப்பவருக்கு எது எந்தக் குட்டி என்று தெரியவே கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் ஆய்வைத் தொடங்காதீர்கள்.

சி.கே. அளவை வைத்து முடிவு சொல்வது

சி.கே. என்பது தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் ஒரு நொதி. நாய் முந்தின நாள் எவ்வளவு ஓடியது என்பதைப் பொறுத்தும் அது ஏறி இறங்கும்.

தசை பெருத்தால் பலம் என்று நினைப்பது

தசை வளர்ச்சியை அடக்கிவைக்கும் மயோஸ்டாட்டின் புரதம் குறைந்தால் தசை பெருக்கும். அந்தப் புரதத்தின் மரபணு மாறிய சில விப்பெட் நாய்களில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாறிய அந்த மரபணுவை நோயுள்ள ரெட்ரீவர் வம்சத்தில் கலந்து பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. தசைகள் சமமாக வளராததால் மூட்டுகள் இன்னும் இறுகிப்போயின.

லாப்ரடார் தளர்ந்தால் இந்த நோய்தான் என்பது

வேறு மரபணுக் கோளாறாலும் லாப்ரடார் தளரலாம். மரபணுப் பரிசோதனை செய்யுங்கள்.

நாய் பிழைத்தால் குழந்தையும் பிழைக்கும் என்பது

எம்.டி.எம்.1 என்ற வேறொரு மரபணுவின் கோளாறால் வரும் தசை நோயோடு பிறந்த லாப்ரடார் குட்டிகள் சில மாதங்களுக்குள் நடக்க முடியாமல் போய்விடும். மரபணுவைச் சுமந்து செல்லும் ஏ.ஏ.வி.8 வைரஸ் வழியாகச் சரியான மரபணுவைக் கொடுத்தபோது அவை எழுந்து ஓடின. 2014-இல் அது வெளியானபோது எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை வந்தது. அதே கோளாறுள்ள சிறுவர்களுக்கு அதே வழியில் சிகிச்சை நடந்தபோது, 2020-இலும் 2021-இலும் நான்கு பேர் கல்லீரல் பாதிப்புக்குப் பின் இறந்தார்கள். நாய்களில் அப்படி ஒரு அறிகுறி தெரியவில்லை. ஆகவே நாயின் கால்களை அளக்கிற அதே அக்கறையோடு அதன் கல்லீரலையும் பாருங்கள். அது சுத்தமாக இருந்தாலும், குழந்தைகளுக்கான மருந்தளவை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.