ஒயரிங் கற்கும் தம்பிகள் முதல் இரண்டு வருடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு ஒரு வீடாவது எழும்பிக்கொண்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், தலை முழுக்கச் சிமென்ட் தூசியோடு பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பைப் பதிக்கச் சுவரில் காடி எடுத்துக்கொண்டிருப்பான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துக்கொண்டே லீவு நாளில் வேலைக்கு வருகிறவனாக இருக்கலாம். பத்தாவதோடு நின்று, மாமாவுக்குக் கையாளாக வந்தவனாகவும் இருக்கலாம். என் வேலையே இந்தப் பையன்களோடுதான். இவர்களில் பலர் இரண்டாவது வருடம் முடிவதற்குள் இந்தத் தொழிலே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். வேலை கஷ்டம் என்று போகிறவர்கள் குறைவு. ஆரம்பத்திலேயே சில பழக்கங்கள் தப்பாகப் படிந்துவிடுகின்றன. அதனால் பயமோ அலுப்போ கடனோ சேர்ந்து, இந்த வேலையில் இருக்கிற சந்தோஷம் கைக்கு எட்டும் முன்பே அவர்களைத் துரத்திவிடுகிறது. அந்தப் பழக்கங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். உயிர் சம்பந்தப்பட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பது

கரண்ட் கட் ஆகியிருக்கிறது, சுவிட்ச் பாக்ஸைத் திறந்து வேலையை முடித்துவிடலாம் என்று நினைப்பது முதல் தவறு. போன கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வராவிட்டாலும், அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் லைட், ஃபேன் லைனில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டரைத் தனியாக நிறுத்தும்வரை அந்த லைன் உயிரோடு இருக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே லைட்டைப் போடுகிற மாடிப்படி டூ-வே சுவிட்ச் இன்னொரு கண்ணி. சில வீடுகளில் அந்த ஒரே பாக்ஸுக்குள் கீழ்வீட்டு லைனும் மேல்வீட்டு லைனும் சேர்ந்தே வரும். ஓவர்லோடு ஆனால் தானாக இறங்குகிற எம்.சி.பி. சுவிட்சில் ஒன்றை இறக்கிவிட்டு நிம்மதியாகக் கை வைத்தால் இன்னொன்று அடிக்கும்.

டெஸ்டர் எரியவில்லை, அதனால் கரண்ட் இல்லை என்ற முடிவும் ஆபத்தானது. டெஸ்டருக்குள் இருக்கிற சின்ன நியான் பல்பு, நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிற மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் எரிகிறது. காய்ந்த மர ஏணியிலோ பிளாஸ்டிக் ஸ்டூலிலோ நின்றால் அது மங்கிவிடும். வெயில் அடிக்கிற இடத்தில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நியானே போயிருக்கவும் கூடும். அதனால் கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பாயின்டில் டெஸ்டரை முதலில் வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். திரும்பவும் அந்தத் தெரிந்த பாயின்டுக்குப் போய் டெஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதன்பின் கை வையுங்கள். அரை நிமிட வேலைதான்.

எம்.சி.பி.யை இறக்கியதும் அதன் மேல் டேப் ஒட்டுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் வேலை செய்கிறார் என்று தெரியாமல், "ஏன் லைட் எரியல?" என்று ஒரு பாட்டி எம்.சி.பி.யைத் தூக்கிவிடுவது நடக்கக்கூடியதுதான்.

யாருக்காவது ஷாக் அடித்து, வயரை விட முடியாமல் மாட்டிக்கொண்டால் அவரைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளிவிட்டு 108-க்கு அழையுங்கள். மூச்சும் நாடியும் இல்லாதவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய ஐ.டி.ஐ.யில் கற்றுத் தருகிறார்கள். அந்த வகுப்பன்று லீவு போடாதீர்கள்.

எர்த்தை ஒப்புக்குப் போடுவது

எர்த் என்பது மெஷின் பாடியில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற வழி. நம் பக்கத்துக்கென்றே உள்ள தவறு இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம் என்று எங்கே தோண்டினாலும் பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். கிரானைட்டுக்குப் பேர்போன பூமி. மழையும் குறைவு, மண்ணும் காய்ந்து கிடக்கும். பைப் எர்த்துக்கு 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட வேண்டும். மூன்றடியில் பாறை வந்ததும் பைப்பை அறுத்துப் பாதியைப் புதைத்து, மேலே சிமென்ட் மூடியை வைத்துவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. பல வீடுகளில் எர்த் இப்படித்தான் இருக்கிறது.

பிறகு கரண்ட் வருகிற ஃபேஸ் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை வைத்து, "பளிச்சுனு எரியுது பாருங்க, எர்த் சூப்பர்" என்று வீட்டுக்காரருக்குக் காட்டுகிறார்கள். கற்க வந்த பையனும் அதைத்தான் பார்த்துக் கற்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் தடை 50 ஓம் இருந்தாலும், பல்புக்குப் போக வேண்டிய 230 வோல்ட்டில் சுமார் 20 வோல்ட்தான் குறையும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அதே எர்த்தில் ஃப்ரிட்ஜின் பாடியில் ஃபேஸ் பட்டால் ஓடுவது 230-ஐ 50-ஆல் வகுத்த 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பாடியில் கரண்ட் அப்படியே நிற்கும்.

ஆகவே பாறை தட்டினால் இடத்தை மாற்றிப் பாருங்கள். துணி துவைக்கிற கல், குளியலறைத் தண்ணீர் ஓடுகிற பக்கம் என்று ஈரம் நிற்கிற இடம் நல்லது. ஒரு குழி போதாது என்றால் பைப் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டாவது குழி போட்டு, இரண்டையும் இணையுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். எர்த்தின் தடையை அளக்கிற மெகர் வைத்திருக்கிற மூத்தவர் அளக்கும்போது பக்கத்தில் நின்று, எந்த ஊர் மண்ணில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மண்ணில் ஆர்.சி.சி.பி. என்கிற கசிவுக் காப்பு சுவிட்ச் இல்லாமல் வீடு ஒயரிங் செய்யவே கூடாது என்பது என் கருத்து. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது லைனை அறுத்துவிடும், சுமாரான எர்த் இருந்தாலும் உயிரைக் காப்பாற்றும்.

எர்த் சரியில்லை என்று பிளக் பாயின்டில், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டுவிடுகிற வழக்கமும் இருக்கிறது. வெளியே நியூட்ரல் அறுந்தால் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் பாடியெல்லாம் ஃபேஸ் ஆகிவிடும். இதை யார் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

தெரியாததை மறைப்பது

புதிதாக வந்த பையன் எதையாவது கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று சத்தம் வரும். அதனால் கேட்பதையே விட்டுவிடுகிறான். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, பக்கத்து அறையில் குருட்டாம்போக்கில் வயரை மாட்டுகிறான். இந்தத் தொழிலில் நான் பார்த்ததில் நல்ல பையன்களைக்கூடக் கெடுக்கிற தவறு இதுதான். கேட்பதற்கு நேரம் பார்க்கத் தெரிந்தால் போதும். ஏணி மேல் நின்று எம்.சி.பி.கள் இருக்கிற டிபி பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் எரிச்சல்தான் வரும். பதினோரு மணி டீக்கு, கையில் போண்டாவோடு உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணா, அந்த ரூமுக்கு மட்டும் ஏன் தனி நியூட்ரல் இழுத்தோம்?" என்று கேட்டுப் பாருங்கள். கோபக்கார அண்ணன்கூட, "அது இன்வெர்ட்டர் லைன்டா, மத்த நியூட்ரலோட கலந்தா ஆர்.சி.சி.பி. இறங்கிரும்" என்று அட்டைப்பெட்டியைக் கிழித்துப் படம் போட்டே காட்டுவார். அந்தப் பத்து நிமிடத்தில் கற்பது ஒரு வாரப் பாடம். ஒரு சின்ன நோட்டு வாங்கி அன்றைக்கே எழுதி வையுங்கள்.

இன்னொன்று, காடி எடுப்பதும் பைப் தூக்குவதும் கூலி வேலை, அதில் கற்க ஒன்றுமில்லை என்று நினைப்பது. மேஸ்திரி சுவரில் அடித்த லெவல் கோட்டிலிருந்து அளக்காமல், இப்போது இருக்கிற கரடுமுரடான தரையிலிருந்து நாலரை அடி அளந்து பாக்ஸ் வைத்துப் பாருங்கள். டைல்ஸ் போட்ட பிறகு ஒரே ஹாலில் மூன்று சுவிட்ச் போர்டும் மூன்று உயரத்தில் நிற்கும். லெவல் டியூபில் தண்ணீர் பிடித்து நூல் அடிக்கத் தெரிந்தவன், பிறகு எந்த வேலைக்குப் போனாலும் கை நிற்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வேலை என்றால் வீட்டுக்காரர் தெலுங்கோ கன்னடமோ பேசுவார். அவர்கள் பேச்சில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள், மோரும் சோறும் தேடி வரும்.

காங்கிரீட் நாளும் லைட் எரியும் நாளும்

ஸ்லாபில் பைப் போட்டுவிட்டோம், நம் வேலை முடிந்தது என்று காங்கிரீட் நாளில் வராமல் இருப்பது பெரிய தவறு. கம்பி மேல் பத்துப் பேர் நடப்பார்கள். வைப்ரேட்டர் ஓடும். பைப்பை பைண்டிங் வயரால் கட்டியிருந்தாலும் ஒரு பெண்ட் கழன்றால் போதும், சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிடும். ஒயர் இழுக்கும் நாளில் பைப்புக்குள் விடுகிற ஸ்பிரிங் நடுவழியில் நிற்கும், முடிந்த சீலிங்கை உடைக்க வேண்டிவரும். பாக்ஸ்களின் வாயைக் காகிதமோ துணியோ வைத்து அடைத்து, காங்கிரீட் போட்டு முடிக்கும்வரை கூடவே நில்லுங்கள். நம் ஊர்ப் பக்கம் அன்றைக்கு வீட்டுக்காரர் எல்லோருக்கும் சாப்பாடு போடுவது வழக்கம். சென்ட்ரிங் ஆட்கள், கொத்தனார், சித்தாள் அக்காக்கள் எல்லோரோடும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது. அதைத் தவற விடுவதே பாதி நஷ்டம்.

அதேபோல, ஒயர் இழுத்து முடித்ததும் பையனை அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிட்டு, மின்வாரிய இணைப்பு வந்து லைட் எரியும் நாளில் ஒயரிங் மேஸ்திரி மட்டும் போவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இது சொல்லிக்கொடுக்கிற அண்ணன்கள் தவிர்க்க வேண்டிய தவறு. மூன்று மாதம் தூசி தின்றவன், தான் இழுத்த ஒயரில் ஹால் லைட் எரிவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டாமா? முதல் சுவிட்சை அவனையே போடச் சொல்லுங்கள். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் அழைத்துப் போங்கள். வீட்டம்மா "நீதானே தம்பி ஒயரிங் செஞ்சது" என்று இலை போடுகிற அந்த நாளுக்காக ஒருவன் இன்னும் பத்து வீடு வேலை செய்வான்.

கருவியிலும் இதேதான். முதல் சம்பளத்தில் நல்ல இன்சுலேஷன் பிடி போட்ட கட்டிங் பிளேயர் ஒன்றாவது சொந்தமாக வாங்குங்கள். இரவல் கருவியில் கை பழகாது. பிளேயரைச் சுத்தியாக்காதீர்கள், ஒயரைப் பல்லால் உரிக்காதீர்கள். பிளேடால் உரிக்கும்போது செம்பு இழை வெட்டுப்பட்டால் அந்த நுனியை நறுக்கிவிட்டு மறுபடி உரியுங்கள். ஆயுத பூஜையன்று துடைத்து எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலையோடு படைக்கும்போது, நம் பேரில் ஒரு பை அங்கே இருக்க வேண்டும்.

எம்.சி.பி.யைப் பெரிதாக்குவது

எம்.சி.பி. அடிக்கடி இறங்குகிறது என்றால் ஏதோ சொல்கிறது என்று பொருள். அதைக் கழற்றி 32 ஆம்பியர் மாட்டினால் இறங்காது, ஒயர்தான் எரியும். கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5-க்குக் குறையாதது, லைட் ஃபேனுக்கு 1 அல்லது 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான் வர வேண்டும். நியூட்ரலில் போட்டால் பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

உடம்பு, பணம், பெங்களூர்

காலையில் ஒரு டீயோடு கிளம்பி மதியம்வரை கட்டிங் மெஷின் பிடித்தால் கை நடுங்கும். அம்மா கிளறிய களியைக் கீரையோடு ஒரு உருண்டை சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒரு மணிவரை தாங்கும். காடி எடுக்கும்போது மூக்குக்குத் துணியாவது கட்டுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலை விட்டு எளிதில் போகாது.

சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் தவணையில் பைக் எடுப்பது இப்போது பரவலாக இருக்கிறது. மழைக்காலத்தில் வேலை குறையும், தவணை குறையாது. பிறகு அட்வான்ஸ் வாங்கி, அதற்காகவே பிடிக்காத இடத்தில் வேலை செய்ய வேண்டியதாகும். முதல் வருடம் பஸ்ஸிலும் அண்ணன் பைக்கின் பின்னாலும் போகலாம், குறைவு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கே.ஆர்.பி. அணைக்குப் போய்ச் சுடச்சுட மீன் வாங்கித் தின்ன, போச்சம்பள்ளி சந்தையில் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப்போக, சீசனில் தங்கச்சிக்கு ஒரு பை மாம்பழம் வாங்க அந்தக் கூலி போதும்.

பெங்களூர் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். அங்கே தினக்கூலி அதிகம் என்று ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டுப் போகிற பையன்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டே வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பையன்களுக்காக 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முடித்துவிட்டு பெங்களூர் போனால் கையாளாகப் போகாமல் எலக்ட்ரீஷியனாகப் போகலாம்.

சான்றிதழை நாளைக்கு என்று தள்ளுவது

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தேசிய தொழிற்சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு வயர்மேன் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஐ.டி.ஐ. போகாதவர்களுக்கும் வழி உண்டு. ஐந்து வருட ஒயரிங் அனுபவமும் 21 வயதும் இருந்தால், அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். அந்த அனுபவத்தை எழுதித் தருகிறவர் யார் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். எந்த வருடம் யாரிடம் வேலை செய்தோம் என்பதை அந்தச் சின்ன நோட்டிலேயே எழுதி வந்தால், விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டியதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எலக்ட்ரீஷியன்களும் பதிவு செய்யலாம், வயது 18 முதல் 60 வரை. விபத்து என்றால் குடும்பத்துக்கு உதவி வருவது இந்தப் பதிவினால்தான். 18 முடிந்ததும் ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தோடு ஒரு வேலை நாள் ஒதுக்கிப் பதிந்துவிடுங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.