மார்கழி, தை மாசத்துல ஏரியில தூண்டில் போடறவங்க பண்ற தப்புங்க

டிசம்பர் கடைசியில மழை ஓஞ்சு வெயில் அடிக்க ஆரம்பிச்ச உடனே சென்னை சுத்துவட்டாரத்துல தூண்டில் பைத்தியம் புடிச்ச ஆளுங்க எல்லாம் பழவேற்காடு, முட்டுக்காடு, கோவளம், மரக்காணம்னு கெளம்பிடுவாங்க. சீசன்தான், தப்பில்ல. கொடுவா, செப்பிலி, கெழங்கான், பாரைக்குஞ்சு எல்லாம் முழங்கால் தண்ணியிலயே மாட்டற காலம் இது. ஆனா நெறைய பேர் வெறுங்கையோட திரும்பறதுக்கு காரணம் ராசியும் இல்ல, ரீலும் இல்ல. தண்ணிய பாக்காம எடத்த மட்டும் பாத்துட்டு போறாங்க. "போன மாசம் இந்த பாலத்துக்கு கீழதான்டா ரெண்டு கிலோ கொடுவா எடுத்தாங்க"ன்னு யாரோ சொன்னத நம்பி அதே பாலத்துல போய் நிப்பாங்க, போன மாசம் அங்க இருந்த தண்ணி இப்ப அங்க இல்லன்னு யோசிக்கவே மாட்டாங்க. நான் பெரும்பாலும் பழவேற்காடு ஏரிய வெச்சுதான் சொல்றேன், ஏன்னா அங்க எல்லா சிக்கலும் ஒரே எடத்துல இருக்கு, ஆனா மத்த உப்பங்கழிங்களுக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல உப்பு. வடகிழக்குப் பருவமழையில ஆரணியாறும் காளங்கியும் கொண்டாந்து கொட்டற நல்ல தண்ணியில ஏரியோட பல பக்கம் உப்பே இல்லாம போயிடும், மழை நின்னப்புறம் முகத்துவாரம் வழியா கடல்தண்ணி உள்ள ஏற ஏறத்தான் கொஞ்சம் கொஞ்சமா உப்பு திரும்பும். மழை விட்ட அடுத்த நாளே போய் கலங்கல் தண்ணியில தூண்டில் போட்டுட்டு மீனே இல்லன்னு பொலம்பறது எந்த வகையில நியாயம்னு தெரியல. மடவையும் கெளுத்தியும் அந்த தண்ணிய தாங்கும், கொடுவாவும் தாங்கும், ஆனா கெழங்கான், பாரை மாதிரி உப்பு கேக்கற மீனெல்லாம் முகத்துவாரம் பக்கம் ஒதுங்கிடும். இன்னொன்னு, நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம், அதனால மேல நல்ல தண்ணி ஓடிட்டு இருக்கும்போதே கீழ ஆழமான ஓடையில உப்புத்தண்ணி தனியா தங்கி நிக்கும். மேலாப்புல லூர் (செயற்கை இரை) ஓட்டி ஒண்ணும் அடிக்கலன்னா அந்த ஓடையோட அடிமட்டத்துல ஒருதரம் இழுத்துப் பாருங்க. பழவேற்காட்டு பெரியவங்க விரல தொட்டு நாக்குல வெச்சே உப்பு எவ்வளவுன்னு சொல்லிடுவாங்க, அத எண்ணூர்லயும் அடையாறுலயும் மட்டும் செஞ்சுடாதீங்க சாமி.

அடுத்தது கடிகாரம். விடியக்காலை அஞ்சு மணிக்கு தண்ணியில நிக்கணும்னு ஒரு சாஸ்திரம் இருக்கு, கோடைக்கு அது சரி. பனிக்காலத்துல ராத்திரி பூரா வாடைக்காத்து அடிச்சு ஆழமில்லாத தண்ணி சீக்கிரம் குளுந்துடும், கொடுவா வெதுவெதுப்பான தண்ணிய விரும்பற மீன், அது அந்த நேரத்துல மந்தமா ஆழத்துல கெடக்கும். வெயில் ஏறி சேறு கொஞ்சம் சூடான பிறகு, அதுவும் ஏத்தத் தண்ணி ஆழமில்லாத சேத்துத் தட்டைக்கு மேல வரும்போதுதான் அது வேட்டைக்கு மேல வரும். ஆக, மணிய விட ஏத்தவத்தம்தான், அதாவது கடல்தண்ணி ஏறி எறங்கறதுதான் முக்கியம். ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்தம், தெனமும் சுமாரா அம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி வரும், அதனால போன ஞாயித்துக்கெழம வேலைக்கு ஆன நேரம் இந்த ஞாயித்துக்கெழம ஆகாது. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஓட்டம் பலமா இருக்கும், அஷ்டமி பக்கம் தண்ணி அசையறதே தெரியாது. நம்ம கரையில ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மீட்டர் சொச்சம்தான், கேட்டா கம்மியா தோணும், ஆனா பழவேற்காடு ஏரியோட சராசரி ஆழமே ஒரு மீட்டர் கணக்குதான்னு நெனச்சுப் பாருங்க.

இங்க இன்னொரு கோளாறு, மொபைல் ஆப்ல வர்ற டைடு டேபிள் (ஏத்தவத்த அட்டவணை) துறைமுகத்துக்கானது. கடல்ல ஏத்தம் ஆரம்பிச்சு அது முகத்துவாரத்துக்குள்ள நொழஞ்சு ஏரிக்குள்ள வர்றதுக்கு நேரம் புடிக்கும், உள்ள போகப்போக இன்னும் தள்ளிப்போகும், முகத்துவாரம் மண்ணு மேவி குறுகிட்டா இன்னும் மோசம். அதனால ஆப்ப ஒரு அரைகுறை வழிகாட்டியா வெச்சுக்கிட்டு கண்ணால பாக்க கத்துக்கோங்க. வலை கட்ட நட்டிருக்கற குச்சி ஏதாவது ஒண்ணப் பாருங்க. தண்ணிக்கு மேல குச்சியில ஈரமா கறுப்பா ஒரு பட்டை தெரிஞ்சா தண்ணி எறங்குது. காஞ்ச மரம் நேரா தண்ணிய தொட்டுக்கிட்டு இருந்தா ஏறுது. குச்சிக்கு ஒரு பக்கமா சின்னதா சுழிச்சிக்கிட்டு நொரை ஒட்டியிருக்கும் பாருங்க, அந்தப் பக்கம்தான் தண்ணி போகுது. சுழி இல்லன்னா தண்ணி நிக்குது, அப்ப உக்காந்து டீ குடிங்க, தூண்டில் போட்டு தோள் வலிக்க வேணாம்.

சரி, தண்ணி ஓடுது, உப்பு இருக்கு, எறங்கிடலாமா? அவசரப்படாதீங்க. கார் கதவ படார்னு சாத்திட்டு, சளக் சளக்னு இடுப்பளவுக்கு நடந்து போய், அங்கிருந்து இன்னும் தூரமா வீசறாங்க, மீன் என்னமோ அவங்க நடந்து வந்த எடத்துலதான் இருந்திருக்கும். தை மாசத்துல தண்ணி தெளிஞ்சு அடி தெரியும், மீனுக்கும் நீங்க தெரிவீங்க. கெழங்கான் மிரண்டா மண்ணுக்குள்ளயே பொதஞ்சுக்கும், அதை மறுபடி வெளிய வரவைக்க முடியாது. முதல் நாலஞ்சு வீச்ச கரையிலேர்ந்து பின்னாடியே நின்னு கரைய ஒட்டி போடுங்க, அப்புறமா எறங்கலாம். மடவை துள்றத பாத்துட்டு அதும்மேலயே விடாம வீசிக்கிட்டு இருக்கறதும் ஒரு வேண்டாத வேலை, மடவை பாசியும் சேத்துல இருக்கற பொடியும் திங்கற மீன், உங்க லூர அது சீண்டாது. ஆனா மடவைக்கூட்டம் திடீர்னு ஒரு பக்கமா செதறினா அந்த ஓரத்துல போடுங்க, தொரத்தற ஆள் அங்கதான் இருப்பாரு.

கடல் ராடு, கனமான ஈயம், தடிமனான தங்கூசி நரம்புன்னு முழு சாமானோட வர்றவங்கள பாத்தா பாவமா இருக்கும். முழங்கால் தண்ணியில நூறு கிராம் ஈயம் விழற சத்தத்துக்கு அந்தப் பக்கமே மீன் அண்டாது. அஞ்சு பத்து கிராம் போதும், ஓட்டம் இல்லாத எடத்துல ஈயமே வேணாம். மெலிசு பிரெயிடு (பின்னின நூல்), அதுக்கு முன்னாடி லூர் பக்கம் கொஞ்சம் கெட்டியான லீடர் நரம்பு, ஏன்னா கொடுவாவோட செவுள் மூடி கத்தி மாதிரி, தல ஆட்டும்போதே நரம்ப அறுத்துடும். லூர இழுக்கறதுல எல்லாரும் வேகம்தான். குளுந்த தண்ணியில மீன் ஓடித் தொரத்தாது, ரெண்டு சுத்து சுத்திட்டு நிறுத்துங்க, லூர் அப்படியே எறங்கட்டும், பெரும்பாலும் அந்த நிறுத்தத்துலதான் கடிக்கும்.

இரை போடறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மார்க்கெட்ல ஐஸ் போட்டு வெளுத்துப்போன எறாலுக்கு கெளுத்தி வரும், கீச்சான் வரும், ஒடம்ப ஊதிக்கற பேத்தை மீன் வந்து தூண்டில் முள்ளோட சேத்து கடிச்சிட்டு போகும். அங்கயே உள்ளூர்ல உசுரோட எறால் வாங்குங்க. கோக்கறப்ப நடு ஒடம்புல குத்தினா செத்துடும், தலையில கொம்பு இருக்குல்ல, அதுக்கு அடியில உள்ள ஒரு கரும்புள்ளி மாதிரி தெரியும், அதத் தொடாம அதுக்கு முன்னாடி ஓட்டுல முள்ள ஏத்தினா ரொம்ப நேரம் நீந்திக்கிட்டே இருக்கும்.

இப்ப கொஞ்சம் சீரியஸான விஷயம். பழவேற்காடு ஏரி யாரும் எங்கயும் போடலாம்ங்கற பொது எடம் இல்ல. அங்க பாடுன்னு ஒரு மொற இருக்கு, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மாதிரி ஊர்ங்கள்ல எந்த நாள்ல எந்த எடத்துல யார் வலை கட்டறதுன்னு மொற வெச்சு பிரிச்சுக்குவாங்க, குச்சி நட்டு கட்டற சுத்துவலைக்குத்தான் இது முக்கியமா. நல்ல எடமும் சுமாரான எடமும் மாறி மாறி எல்லாருக்கும் வரணும்ங்கறதுதான் கணக்கு. இந்தப் பாடு மொறையில உரிமை இல்லாத சமூகத்து ஆளுங்களும் அதே ஏரியிலதான் பொழைக்கறாங்க, அது அவங்களுக்குள்ள ரொம்ப நாளா இருக்கற வழக்கு, நமக்கு அதுல பேச எடமில்ல. நமக்கு தெரிய வேண்டியது இவ்வளவுதான்: ஒருத்தருக்கு மொற வந்த நாள்ல அவர் வலை கட்டியிருக்கற வாய்க்கால்ல போய் நின்னு நாம கொடுவாவ தொரத்தினா அவரோட அன்னிக்கு கூலிய கலைக்கறோம். லூர் வலையில மாட்டிக்கிச்சா, வலைய அறுத்து முந்நூறு ரூபா லூர காப்பாத்தாதீங்க, நரம்ப அறுத்துட்டு லூர விட்டுடுங்க, இல்ல அவர கூப்ட்டு எடுத்துத் தரச் சொல்லுங்க. கரைக்கு வந்த உடனே "அண்ணே, இங்க இன்னிக்கு போடலாமா, வலை ஏதும் இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும், பல நேரம் எங்க போடணும்னு அவங்களே சொல்லிடுவாங்க. அதே மாதிரி தண்ணியில கழுத்தளவு உக்காந்து கையால தடவி எறால் புடிக்கற இருளர் ஆளுங்க இருப்பாங்க, பறிய (எறால் போடற கூடை) பல்லுல கடிச்சுக்கிட்டு வரிசையா நகந்து வருவாங்க. அவங்க வர்ற பக்கம் ட்ரெபிள் ஹுக் (மூணு முனை முள்ளு) மாட்டின லூர வீசறவன என்னன்னு சொல்றது, நீங்களே ஒரு பேர் வெச்சுக்கோங்க.

காலுக்கு வருவோம். வெறுங்கால்ல எறங்காதீங்க, செருப்போடயும் எறங்காதீங்க, சேத்துல செருப்பு போயிடும். ஆளி (சிப்பி) படுகையில மிதிச்சீங்கன்னா பாதம் கிழிஞ்சிடும், அந்தக் காயம் லேசுல ஆறாது. பழைய கேன்வாஸ் ஷூ கயிறு கட்டி போட்டுக்கோங்க. திருக்கை மண்ண போத்திக்கிட்டு படுத்திருக்கும், நேரா மேல மிதிச்சாதான் வால சுழட்டி குத்தும், அதனால கால தூக்கித் தூக்கி வெக்காம அடிய தேச்சிக்கிட்டே நகருங்க, பாதம் ஓரத்துல பட்ட உடனே அது எழுந்து ஓடிடும். கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணுன்னு மூணு முள்ளு, ரம்பம் மாதிரி பல்லு வேற, கையில புடிச்சு கழட்டாதீங்க, பிளையர் வெச்சு கழட்டுங்க. ஓரா மீனுக்கு முள்ளு பொடிசா இருந்தாலும் கடுப்பு சாதாரணமில்ல. இதுல எது குத்தினாலும் சுண்ணாம்பு, பெட்ரோல்னு தடவறத விட்டுட்டு, பொறுக்கற அளவுக்கு சூடான தண்ணியில குத்துன எடத்த அரை மணிலேர்ந்து ஒண்ணரை மணி நேரம் வரைக்கும் முக்கி வைங்க, இந்த விஷம் சூட்டுல செயலிழக்கற வகை. மரத்துப்போன கால்ல சூடு ஒறைக்காது, அதனால இன்னொருத்தர் கைய விட்டு பாத்துட்டு சொல்லட்டும். முள்ளு உள்ள ஒடஞ்சிருந்தாலோ, நெஞ்சு வயிறு பக்கம் குத்தியிருந்தாலோ தண்ணி காயவெக்கற வேலையெல்லாம் வேணாம், நேரா ஆஸ்பத்திரி.

முழங்கால் தண்ணிதானேங்கற நெனப்புதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல உல்லாசமா படகுல போனவங்க கவுந்து 22 பேர் செத்துப்போனாங்க. அமைதியா தெரியற ஏரிக்கு பக்கத்துலயேதான் அந்த முகத்துவாரம் இருக்கு. வத்தம் பலமா இருக்கறப்ப இந்தப் பக்கத்து ஏரித்தண்ணி அந்த வாய் வழியாதான் வெளிய போகும், எதிர்ல கடல் அலை உள்ள வரும், ரெண்டும் மோதற எடத்துல நிக்கவே கூடாது. மணல் திட்டு ஓரம் கெட்டியா தெரியும், அடியில தண்ணி அரிச்சிருக்கும், நின்னுக்கிட்டு இருக்கறப்பவே பொலபொலன்னு சரியும். படகுல ஏறினா லைஃப் ஜாக்கெட் போடுங்க, அது மேல உக்காந்துக்கறதுக்கு இல்ல, போட்டுக்கறதுக்கு. நவம்பர் டிசம்பர்ல வங்கக்கடல்ல ஏதாவது ஒரு புயல் சின்னம் சுத்திக்கிட்டு இருக்கும், வானிலை எச்சரிக்கை பாக்காம கெளம்பாதீங்க. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துலயே இருக்கறதால ராக்கெட் விடற நாள்ல கட்டுப்பாடு வேற இருக்கும், போன் பண்ணி கேட்டுட்டு போங்க.

புடிச்சத என்ன பண்றதுங்கறதுலயும் கோளாறு இருக்கு. கொடுவா பொறந்து வளரும்போது ஆணா இருந்து பெருசானப்புறம் பெண்ணா மாறற மீன், அதனால பெரிய மீன் பெரும்பாலும் முட்டை போடற பொண்ணுதான், போட்டோ எடுத்துட்டு விட்டா அடுத்த தலைமுறைக்கு ஆச்சு. விடறதுன்னா ஈரக்கையில புடிச்சு, வயித்த தாங்கி, அது தானா ஒதறிக்கிட்டு போற வரைக்கும் தண்ணியில வெச்சிருந்து விடணும், தூக்கி எறியறது விடறது இல்ல. அறுந்த நரம்ப கரையிலயே போட்டுட்டு வராதீங்க, பூநாரையும் மத்த பறவைங்களும் வந்து எறங்கற காலம் இது, கால்ல சுத்திக்கிட்டா அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு எடுத்துட்டு வர்றவங்க, குளுர் காலம்தானேன்னு மீன வாளியில போட்டு வெயில்ல வெக்காதீங்க, ஐஸ் பொட்டி வேணும். எண்ணூர் பக்கம் புடிச்சத நான் சாப்பிட மாட்டேன், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட அங்க எண்ணெய் கலந்த கதை எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னாடியும் அந்த கழிமுகத்துல சாம்பலும் கழிவும் எறங்கிட்டுதான் இருந்துச்சு. பேத்தை மாட்டினா, பையன் ஊதிக் காட்டுன்னு கேப்பான், காட்டிட்டு விட்டுடுங்க, கொழம்பு வெக்கலாமான்னு மட்டும் யோசிக்காதீங்க. அதோட விஷம் கொதிக்க வெச்சாலும் போகாது, அதுக்கு மாத்து மருந்தும் கெடையாது.